பொறிகளின் கையொப்பம்

அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிரமஞான சபையின் சோலையை அடுத்துக் கடலை நோக்கி ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் சிற்றூர் உளது. 1875-இல் நியூயார்க்கு நகரில் அச்சபையை நிறுவியவருள் ஒருவரும், 1882-இல் அதன் தலைமையிடத்தை அடையாற்றுக்குக் கொணர்ந்தவருமான கர்னல் ஒல்காட்டின் பெயரை இவ்வூர் இன்றும் தாங்கி நிற்கின்றது. விடியற்காலத்தில் இக்குப்பத்து மணலில் நிற்போர், தொலைவிலே ஒரு படகு தோன்றியவுடன் அஃது இன்னாருடையது என்று கூறிவிடுவர். அணியத்தின் அமைப்பு, பூசிய வண்ணம், அலையிற் படகைத் திருப்பும் முறை ஆகியவற்றைக் கண்டே அவர்கள் இதனை அறிகின்றனர். தம்மூர்ப் படகை அறிய அவர்களுக்கு எண் எதுவும் வேண்டுவதில்லை.

ஆயினும் அப்படகு தன் கரையைவிட்டு நெடுந்தூரம் சென்றுவிடின், அதனை முகமறிந்தோர் அங்கு இலர். ஆகலின் ஒவ்வொரு படகுக்கும் பதிவு எண் ஒன்று வேண்டியதாகின்றது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பதிவை வற்புறுத்துகின்றது. இன்று படகுகளின் பக்கத்தில் எழுதப்பெறும் எண்ணில் முதலாவது நாட்டின் குறியும், அடுத்து மாநிலத்தின் குறியும், பின்னர் மாவட்டத்தின் எண்ணும், படகின் வகையும், இறுதியில் வரிசை எண்ணும் அமைந்திருக்கும். எங்கே பிடிபடினும், எங்கே கவிழினும், அப்படகு எக்கரையைச் சேர்ந்தது என்பதனை அவ்வெண் அறிவிக்கும்.

எண் ஒன்றிருப்பதனாலேயே எல்லாம் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாமோ? 2008-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பம்பாயைத் தாக்கிய பயங்கரவாதிகள் பத்துப்பேரும் வந்த வழியை நினைத்துப் பார்ப்போம். குஜராத்துப் போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்னும் மீன்பிடி படகை அவர்கள் நடுக்கடலிற் கைப்பற்றி, அதிலிருந்தோரைக் கொன்று, அப்படகிலேயே பம்பாய்க் கரையை அணுகினர். படகு உண்மையான இந்தியப் படகு. பொய்யாயிருந்தது அதனைச் செலுத்திய கை ஒன்றே. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே படகுப் பதிவைச் செம்மைப்படுத்துதல், மீனவர்க்கு அடையாள அட்டை வழங்குதல், மாநிலந்தோறும் படகுகளுக்குத் தனி வண்ணம் வகுத்தல் முதலியன நாடெங்கும் விரைவு பெற்றன. அடையாளம் வேறு, அவ்வடையாளம் உரியவர் கையில் இருக்கின்றது என்பதற்குச் சான்று வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிவதே இக்கட்டுரையின் உயிர்நாடி. படகைப் பற்றிய இவ்வுண்மை இன்று கணிப்பொறிகளுக்கும் அப்படியே பொருந்துகின்றது.

குப்பத்தை அடுத்த சாலையோரத்தில் மீன் விற்கும் தாய் ஒருவரின் கூடையருகே சிறு கட்டங்கள் நிறைந்த அட்டை ஒன்று நிற்பதனை இக்காலத்தில் எங்கும் காண்கின்றோம். மீன் வாங்குவோர் தம் கைப்பேசியை அவ்வட்டைக்கு நேரே பிடித்துப் பணம் செலுத்துகின்றனர். சில நொடியில், அருகிலுள்ள சிறு ஒலிப்பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலே கூறுகின்றது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையின் பயன் இது. இச்சில நொடியில் நிகழ்ந்தது யாது? கைப்பேசி ஒரு நிறுவனத்தின் சர்வரோடு பேசியது. அச்சர்வர் வங்கியோடு பேசியது. வங்கியின் பொறி என்.பி.சி.ஐ. என வழங்கும் கழகத்தின் பொறியோடு பேசியது. அது மற்றொரு வங்கியோடு பேசியது. இறுதியில் ஒலிப்பெட்டிக்குச் செய்தி சென்றது. இத்தொடரில் மனிதர் செய்தது தம் இரகசிய எண்ணை அழுத்தியது ஒன்றே. ஏனைய உரையாடல் முழுவதும் பொறிக்கும் பொறிக்கும் இடையே நிகழ்ந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு பொறி மற்றொன்றை நோக்கி, ‘நீ யார்? அதற்குச் சான்று என்ன?’ என்று வினவியிருத்தல் வேண்டும். வினவாவிடின் இடையிற் புகுந்த எவனும் தன்னை வங்கியென்று கூறிப் பணத்தைத் திருப்பிவிடலாம்.

பெரிய நிறுவனம் ஒன்றில் ஊழியர் ஆயிரவர் எனின், அவருக்காக உழைக்கும் சர்வர்கள், மென்பொருள்கள், கருவிகள் ஆகியவற்றின் தொகை அதனினும் பன்மடங்காகும். ஊழியர் ஒருவர் வேலையிற் சேரும்பொழுது விண்ணப்பம், நற்சான்று, நியமன ஆணை யாவும் உள. அவர் விலகும்பொழுது சாவியையும் அட்டையையும் திரும்பப் பெறுகின்றனர். பொறிகளோவெனின் ஒரு நிமிடத்திற் பிறந்து மறு நிமிடத்தில் மறைவனவும், ஒருவர் அவசரத்துக்கென அமைத்துவிட்டுப் பின் மறந்துபோவனவுமாக இருக்கின்றன. அவற்றின் பிறப்பையும் இறப்பையும் பதிவோர் பல அலுவலகங்களில் இலர். பொறிகளின் அடையாளத்தை நிருவகித்தல் என்பது தனியொரு துறையாக இன்று வளர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

பொறி ஒன்று தன்னை மெய்ப்பிப்பது எங்ஙனம் என்பதனை விளக்குமுன், ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு அண்மையிலேயே எழுந்த பழைய வழக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். 1884-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழ் சில கடிதங்களை வெளியிட்டது. அவை பிரமஞான சபையைச் சேர்ந்த பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதியவை என்று, அடையாற்றில் அவரோடு வாழ்ந்த கூலோம் அம்மையார் அளித்தவை. பிளவாட்ஸ்கி அம்மையாரோ அவை புனையப்பட்டவை என்று மறுத்தார். இலண்டனிலிருந்து உளவியல் ஆராய்ச்சிக் கழகத்தார் ஹாட்ஜ்சன் என்பவரை அடையாற்றுக்கு அனுப்பினர். 1885-இல் வெளிவந்த அவரது அறிக்கை அம்மையாருக்கு எதிராக அமைந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1986-இல், அதே கழகத்தின் இதழில் கையெழுத்து ஆய்வில் வல்லாரான ஹாரிசன் என்பவர் அவ்வறிக்கையின் ஆய்வு முறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். எத்தரப்பு உண்மை என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. ஒரு கடிதத்தை எழுதியவர் யார் என்னும் வினாவைக் கையெழுத்தின் தோற்றத்தைக் கொண்டு தீர்க்கப் புகுந்து, அறிஞர் நூறாண்டு வாதிட நேர்ந்தது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். தோற்றத்தைப் பின்பற்ற இயலும். வேதாகமத்தில், கண்பார்வை மங்கிய ஈசாக்கு ஆட்டுக்குட்டித் தோல் போர்த்த கைகளைத் தடவிப் பார்த்து இளையவனை மூத்தவன் என்று கொண்டதும் இவ்வாறே நிகழ்ந்த பிழையன்றோ?

இக்குறையை நீக்கும் வழியைக் கணித நூலார் கண்டனர். 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதன் அடிப்படையை வெளியிட்டனர். அதன்படி ஒவ்வொரு பொறிக்கும் திறவுகோல் இரண்டு உண்டு. அவை இரும்பால் ஆயவை அல்ல. கணிதத்தாற் பிணைந்த மிகப் பெரிய எண்கள். ஒன்று தனித் திறவுகோல். அதனை அப்பொறி ஒருவர்க்கும் காட்டாது. மற்றொன்று பொதுத் திறவுகோல். அதனை யாவரும் அறியலாம். தனித் திறவுகோலால் இட்ட கையொப்பத்தைப் பொதுத் திறவுகோலாற் சரிபார்க்கலாம். ஆனால் பொதுத் திறவுகோலை அறிந்தமையாலேயே அக்கையொப்பத்தை ஒருவர் இட்டுவிட இயலாது. செய்தியில் ஓரெழுத்து மாறினும் கையொப்பம் பொருந்தாது போகும். ஆகவே ஒரு பொறி மற்றொன்றை ஐயுறின், முன்பு எவரும் கண்டிராத ஓர் எண்ணை அதனிடம் அனுப்பி, ‘இதிற் கையொப்பமிடுக’ என்று கேட்கும். கையொப்பம் பொருந்தினால் தனித் திறவுகோல் அதனிடம் உளது என்பது தெளிவு. இரகசியத்தை வெளியிடாமலே இரகசியம் தன்னிடம் இருப்பதனை மெய்ப்பிக்கும் இம்முறையின் நுட்பம் வியக்கத்தக்கது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. இப்பொதுத் திறவுகோல் இன்ன வங்கியுடையது என்று நமக்குக் கூறியவர் யார்? பொறியே தன்னைப் பற்றிக் கூறிக்கொண்டால் அதனை நம்புதல் ஒண்ணாது. எனவே சான்றளிக்கும் நிறுவனங்கள் தோன்றின. இன்ன திறவுகோல் இன்ன பெயருக்கு உரியது; இன்ன நாள் வரையிற் செல்லும் என்று எழுதித் தம் கையொப்பமிட்ட சான்றிதழை அவை வழங்குகின்றன. அந்நிறுவனத்துக்கு நற்சான்று தருவது அதற்கு மேலுள்ள நிறுவனம். இங்ஙனம் ஏறிச் சென்று முடியுமிடம் வேர்ச் சான்றிதழ் எனப்படும். அவ்வேர்களின் பட்டியலை நம் கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் அவற்றைச் செய்தோர் முன்னமே பொறித்து வைத்துள்ளனர். நாம் அறியாமலே அவற்றை நம்புகின்றோம்.

சான்றளிப்பவன் தவறினால் விளைவு யாதாகும் என்பதனைச் சிலப்பதிகாரம் கற்றோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்பே என்று கூறியவன் அரண்மனையின் நம்பிக்கைக்குரிய பொற்கொல்லன். அவன் சொல்லை ஆராயாது ஏற்றமையாற் கோவலன் மாண்டான். சிலம்பை உடைத்து உள்ளிருப்பது முத்தோ மாணிக்கமோ என்று பார்த்தது அதற்குப் பின்னரே.

இதனை ஒத்த நிகழ்ச்சி நம் நாட்டிலேயே 2014-இல் நடந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி சான்றளிக்கும் நிறுவனங்களை மேற்பார்க்கக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் நியமிக்கப்பெற்றுள்ளார். அவருடைய வேர்ச் சான்றிதழின் கீழ்த் தேசியத் தகவலியல் மையம் இடைநிலைச் சான்றிதழ்களைப் பெற்றிருந்தது. 2014 ஜூலை 2-ஆம் நாள், கூகிள் நிறுவனத்தின் பெயர்களுக்கு அந்நிறுவனத்தின் அனுமதியின்றி அவ்விடைநிலைச் சான்றிதழ்களின் கீழ்ச் சான்றிதழ்கள் வழங்கப்பெற்றிருப்பதனைக் கூகிள் கண்டறிந்து அறிவித்தது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அவ்விடைநிலைச் சான்றிதழ்களை இரத்துச் செய்தார். மையத்தின் வழங்குமுறையிற் பிறர் ஊடுருவினர் என்றும், கூகிளின் பெயர்களுக்கு மூன்றும் யாஹூவின் பெயருக்கு ஒன்றுமாக நான்கு சான்றிதழ்களே தவறாக வெளிப்பட்டன என்றும் அவர் தெரிவித்தார். அந்நான்கில் அடங்காத வேறு பொய்ச் சான்றிதழ்களையும் தாம் அறிந்திருப்பதாகக் கூகிள் கூறியது. முடிவில் அந்நிறுவனத்தின் பிரௌசர், இந்திய வேரின் கீழ் வரும் சான்றிதழ்களை அரசு, கல்வி முதலிய குறிப்பிட்ட சில இணையப் பெயர்களுக்கு மட்டுமே ஏற்பதென வரையறை செய்துகொண்டது.

இதில் நாம் கருதத்தக்கவை இரண்டு. இந்திய வேரை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் நம்பிக்கைப் பட்டியலிற் சேர்த்திருந்தமையால் விண்டோஸ் கணிப்பொறிகளிற் பெரும்பாலான மென்பொருள்கள் அப்பொய்யை மெய்யென்று கொண்டன. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் ஏமாறவில்லை. ஆகவே யாரை நம்புவது என்பதும் ஒருவர் தேர்ந்து செய்ய வேண்டிய காரியமே. மற்றொன்று, நம்பிக்கையை இழத்தற்கு ஒரு வாரம் போதியதாயிற்று என்பது. நான்கு தாள்களுக்காக ஒரு நாட்டின் வேர்ச் சான்றிதழே எல்லைக்குட்பட்டது.

பகைவரின்றியே பொறிகளின் அடையாளம் கெடுவதும் உண்டு. சான்றிதழுக்கு முடிவு நாள் உண்டு என்றோம். அந்நாளை எவரும் நினைவிற் கொள்ளாவிடின் நேர்வது யாது? 2018 டிசம்பர் 6-ஆம் நாள், எரிக்சன் நிறுவனம் தொலைபேசிக் கம்பெனிகளுக்கு அளித்திருந்த மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாயிற்று. இங்கிலாந்தில் ஓ2 கம்பெனியின் வலையமைப்பை நம்பியிருந்த மூன்று கோடிக்கு மேற்பட்டோர் கைப்பேசியில் இணையத்தை இழந்தனர். ஜப்பானில் சாஃப்ட்பேங்க் கம்பெனியின் சேவையும் அன்றே தடைப்பட்டது. கம்பி அறவில்லை, பொறியும் பழுதாகவில்லை. ஒரு தேதி கடந்தது, அவ்வளவே.

இதனினும் கொடிது 2017-இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் நேர்ந்தது. அங்கே வலையமைப்பிற் செல்லும் செய்திகளைச் சோதிக்கும் காவற்பொறி ஒன்று இருந்தது. அதன் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியானதால் அது மறைமொழிச் செய்திகளைப் பிரித்துப் பார்க்க இயலாமற் குருடாய் நின்றது. திருடர் 76 நாள் உள்ளே உலவி, சுமார் 14.7 கோடி மக்களின் விவரங்களைக் கவர்ந்தனர். ஜூலை மாத இறுதியிற் சான்றிதழைப் புதுப்பித்தவுடனே அப்பொறி ஐயத்துக்கிடமான போக்குவரத்தைக் காட்டிக்கொடுத்தது. வாயிலிற் காவலன் இருந்தான். அவன் கண் மூடியிருந்ததை எவரும் நோக்கவில்லை.

முடிய வேண்டிய அடையாளம் முடியாதிருப்பதும் கேடே. 2023-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மின்னஞ்சலுட் புகுந்தோர் பயன்படுத்தியது 2016-ஆம் ஆண்டில் உண்டாக்கிய ஒரு கையொப்பத் திறவுகோல். ஓய்வு பெற்றிருக்க வேண்டிய அத்திறவுகோல் ஏழாண்டு கழிந்தும் செல்லுபடியானமையால், 22 அமைப்புகளைச் சேர்ந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரின் கடிதங்கள் பிறர் கைக்குச் சென்றன. குபேர் படகின் கதையே இங்கு மீண்டும் நிகழ்ந்தது. கணிதம் கையொப்பத்தை மெய்யென்றது. திறவுகோல் யார் கையில் உளது என்பதனைக் கணிதம் அறியாது.

இனி, இத்தீங்குகளைத் தடுக்கப் பெரிய நிறுவனங்கள் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு யாது? முதலாவது கணக்கெடுப்பு. எத்தனை பொறிகள், எத்தனை திறவுகோல்கள், எத்தனை சான்றிதழ்கள் உள என்று அறியாத நிறுவனம் அவற்றைக் காக்கவும் இயலாது. இரண்டாவது, ஒவ்வோர் அடையாளத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரை எழுத்திற் குறித்தல். அவர் இடம் மாறினாற் பொறுப்பும் கைமாற வேண்டும். எல்லார்க்கும் உரியது என்று விட்டது எவர்க்கும் உரியதன்று. மூன்றாவது, திறவுகோலைக் காப்பிடத்தில் வைத்தல். மென்பொருள் எழுதுவோர் பாஸ்வேர்டை நிரலினுள்ளேயே எழுதி வைத்துவிட்டு, அந்நிரலைப் பலர் காணும் இடத்தில் இடுவது இன்றும் ஓயாத பிழை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதனை இஃது ஒக்கும். நான்காவது, தேவைக்கு மிஞ்சிய அதிகாரம் அளியாமை. கணக்கைப் படிக்க மட்டும் வேண்டிய பொறிக்குக் கணக்கைத் திருத்தும் உரிமை எதற்கு? ஐந்தாவது, அடையாளத்தின் ஆயுளைக் குறைத்து, புதுப்பித்தலைப் பொறியிடமே ஒப்புவித்தல்.

இவ்வைந்தாவதை உலகமே ஏற்றுக்கொண்டு வருகின்றது. இணையதளச் சான்றிதழ்களை 39 மாதம் வரை வைத்திருந்த காலம் ஒன்றுண்டு. 2020 செப்டம்பர் முதல் அது 398 நாளாகக் குறைந்தது. 2025 ஏப்ரலிற் சான்றளிக்கும் நிறுவனங்களும் பிரௌசர் செய்வோரும் கூடிய மன்றம், அதனை 2026 மார்ச்சு 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச்சு 15 முதல் 100 நாளாகவும், 2029 மார்ச்சு 15 முதல் 47 நாளாகவும் சுருக்கத் தீர்மானித்தது. ஆயுள் குறுகிய சான்றிதழ் திருடு போயினும் திருடனுக்கு நெடுநாள் உதவாது. ஆனால் ஏழு வாரத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான சான்றிதழ்களைக் குறிப்பேட்டைப் பார்த்துக் கையாற் புதுப்பித்தல் இயலாத காரியம். ஆதலின் தானே புதுப்பிக்கும் ஏற்பாட்டை இப்பொழுதே செய்துகொள்ளாத நிறுவனங்கள் பின்னர் இடர்ப்படும் என்பது திண்ணம்.

மாணவ நண்பர்களே, இவையெல்லாம் பெரிய கம்பெனிகளின் கவலை. நமக்கென்ன என்று கருதற்க. மீன் விற்கும் தாயின் அட்டைமேல் வஞ்சகன் ஒருவன் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போவானாயின், நாள் முழுதும் விற்ற பணம் அவனைச் சேரும். இத்தகைய மோசடிகள் நாட்டிற் பலவிடத்தும் நிகழ்ந்துள்ளன. அவ்வட்டையிற் கையொப்பத்தைக் காணும் கண் நமக்கு இல்லை. ஆனாற் பணம் அனுப்புமுன் கைப்பேசியில் தோன்றும் பெயரை ஒருமுறை உரக்கப் படித்து, ‘அம்மா, இப்பெயர் உங்களுடையதுதானே?’ என்று கேட்பதற்கு நொடி ஒன்று போதும். ஒலிப்பெட்டி பேசும்வரை காத்திருத்தலும் அவருக்கு நாம் செய்யும் உதவியே.

கடலிற் செல்வோர்க்கோ இது பணத்தளவில் நிற்பதன்று. பெருங்கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் வானொலிக் கருவியில் ஒன்பது இலக்க எண் ஒன்றை ஒலிபரப்புகின்றன. இந்தியக் கப்பல்களுக்கு அது 419 என்று தொடங்கும். அவ்வொலிபரப்பிற் கையொப்பம் இல்லாமையால் ஒரு கப்பல் மற்றொன்றின் எண்ணைக் கூறி ஏமாற்றவும் இடமுண்டு. 2024 ஆகஸ்டு 30-ஆம் நாள், ஒரு இலட்சம் மீன்பிடி படகுகளில் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக் கழகம் வகுத்த செய்திக் கருவிகளைப் பொருத்தும் திட்டம் தொடங்கப்பெற்றது. புயல் எச்சரிக்கை கரையிலிருந்து செல்லவும், ஆபத்துக் குரல் கடலிலிருந்து வரவும் அவை உதவும். நள்ளிரவில் அக்குரல் எழுமாயின், அஃது எப்படகின் கருவி, எவ்வூர்ப் படகு, யாரைத் தேட வேண்டும் என்பன பிழையின்றி விளங்குதல் வேண்டும். கருவியை ஒரு படகிலிருந்து மற்றொரு படகுக்கு மாற்றியவர் அதனைப் பதிவேட்டில் எழுத மறந்திருந்தால், தேடுவோர் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டுவர். அலுவலகத்தில் ஒரு வரி எழுதாமையின் விலை கரையிற் காத்திருக்கும் குடும்பத்தின் தலைமேல் விழும்.

நம் கல்லூரியிற் பயின்று செல்வோருட் பலர் பழைய மகாபலிபுரம் சாலையின் கணிப்பொறி அலுவலகங்களிலும், வங்கிகளிலும், அரசுத் துறைகளிலும் இத்தகைய பதிவேடுகளைக் காக்கும் பணியில் அமர்வர். புகழ் தரும் பணி அன்று அது. ஒழுங்காக நடப்பின் எவரும் அதனைப் பேசார். தவறினால் மட்டுமே உலகம் அறியும். ஆயினும் நம்மை முகமறியாத பொறிகளின் கையில் நம் வாழ்வின் பெரும்பகுதி சென்றுவிட்ட இக்காலத்தில், அப்பொறிகள் ஒன்றையொன்று பொய்யின்றி அறியுமாறு செய்வது பிறர்க்குச் செய்யும் தொண்டே ஆகும். ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில் நின்று தொலைவிற் படகைக் கண்டு ‘நம்மவர் வருகின்றனர்’ என்று கூறும் அவ்வுறுதியை, நாம் காணாத தொலைவுக்கும் கொண்டு செல்லுதலே இக்கலையின் பயன் என்று கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.